வாகன வினா விடை: மாற்றங்களுக்குப் பின் எரியும் இன்ஜின் விளக்கு

கேள்வி: என்னுடையது 2017ஆம் ஆண்டு பெட்ரோல் கார். வேலூரில் ஒரு கடையில் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரும், சத்தம் கனமாக வரும் சைலன்சரும் பொருத்தினேன். காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைப் புதிய குழாய்க்கு மாற்றினார்கள். சில நாட்களில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி 0171, பி 0420 என்ற குறியீடுகள் வந்தன. அழித்தாலும் திரும்ப வருகின்றன. இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். இரண்டு சென்சார்களும் ஒன்றாக, அதுவும் ஃபில்டர் மாற்றிய கையோடு பழுதாவது அபூர்வம். ஆகவே அன்று கடையில் கழற்றி மாட்டப்பட்ட இணைப்புகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இனிக் குறியீட்டை அழிப்பதற்கு முன், அது பதிவான நேரத்தில் இன்ஜினின் வேகம், வெப்பம், சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதைக் காட்டும் ஃப்ரீஸ் ஃபிரேம் விவரத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் சேரவில்லை என்பதே பி 0171 சொல்லும் செய்தி. புதிய குழாய் பழையதைவிட அகலமாக இருந்தால், அதே அளவு காற்று சென்சாரை மெதுவாகக் கடக்கும். சென்சார் குறைத்து அளக்கும். இன்ஜின் கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டராக இருந்தால், அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய சூடான கம்பியில் படிந்தும் அளவு தவறும். இதற்கென விற்கும் ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனரை மட்டும் தெளிக்க வேண்டும். பிரஷ்ஷோ கார்புரேட்டர் கிளீனரோ கூடவே கூடாது. மூன்றாவது சாத்தியம், சென்சாருக்குப் பின்னால் ஏதாவது ஒரு கிளாம்ப் சரியாக இறுகாமல் அளக்கப்படாத காற்று நுழைவது.

இம்மூன்றில் எது என்பதை, கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்று சொல்லும் ஸ்கேனரின் ஃபியூயல் ட்ரிம் எண்களே பெரும்பாலும் காட்டிவிடும். நல்ல நிலையில் அவை பூஜ்ஜியத்தை ஒட்டி, 10 சதவீதத்துக்குள் இருக்கும். இன்ஜின் சூடான பின் ஐடிலிங்கில் பாருங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலிங்கில் 20க்கு மேல் இருந்து, வேகம் கூடும்போது நன்றாக இறங்கினால் காற்றுக் கசிவு. இரண்டிலும் ஏறியே இருந்தால் குழாயின் அகலம், சென்சார் அழுக்கு ஆகியவற்றோடு பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான சோதனை, பழைய ஃபில்டர் பெட்டியை மறுபடி மாட்டிச் சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பது. வேலூர் வெயிலில் திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் கொதிக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் மே மாதத்தில் பிக்கப் கூடுவதற்குப் பதில் குறையவே வாய்ப்பு அதிகம். கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றை இழுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

பி 0420 வேறு கதை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் பொதுவாக இக்குறியீடு வராது. ஆகவே இணைப்பு கேஸ்கெட்டில் புகைக் கசிவு இருக்கலாம்; அல்லது உங்களிடம் சொல்லாமலே கன்வர்ட்டரை எடுத்துவிட்டுக் காலிக் குழாய் போட்டிருக்கலாம். காரை லிஃப்டில் ஏற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். எடுத்திருந்தால் திரும்பப் பொருத்துவது ஒன்றே வழி. சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் என்ற சிறு துண்டை வைத்து அதை ஏமாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் காரை விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வாகன உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கடைக்காரருக்கு அல்ல, உங்களுக்கு.

கேள்வி: டர்போ பெட்ரோல் காருக்கு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்தேன். ஏலகிரி மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் அதே விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. ஓட்டலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: நிலையாக எரிவதற்கும் மின்னுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மின்னினால் ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள்; அப்போதும் நிற்காவிட்டால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். ரீமேப்பால் டர்போ அழுத்தம் கூடும்போது, பழைய ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய்வது கடினமாகிறது. மலை ஏறும் சுமையில்தான் அது வெளிப்படும். பி 0301 முதல் பி 0304 வரையிலான குறியீடு எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். பிளக்குக்கு மின்சாரம் தரும் அதன் இக்னிஷன் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள்: குறியீடும் கூடவே இடம் மாறினால் பழுது காயிலில், மாறாவிட்டால் பிளக்கிலிருந்து தொடங்குங்கள். அதுவரை கம்பெனி மேப்பையே ஏற்றி ஓட்டுங்கள்.