200 லிட்டர் சோலார் ஹீட்டர்: மூன்றே வருடத்தில் போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: எனக்கு 56 வயது. சொந்த வீடு. நான், மனைவி, மகன், மகள் என நான்கு பேர். மகள் அடுத்த ஆண்டு மேற்படிப்புக்கு வெளியூர் போகிறாள். பத்து வருடப் பழைய 2 கிலோவாட் கீசர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 200 லிட்டர் கண்ணாடிக் குழாய் சோலார் வாட்டர் ஹீட்டர் போடச் சொல்லி ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். "மூன்று வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும், அப்புறம் 20 வருடத்துக்கு வெந்நீர் இலவசம்" என்கிறார். வட்டியில்லாத் தவணையும் உண்டாம். தவணை வேண்டாம் என்றால், அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைத்த ஆறு மாதச் செலவுப் பணத்தில் பாதியை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எல்லோரும் காலையில்தான் குளிப்போம். வெயில் கடுமையான இரண்டு மாதம் வெந்நீரே தேவைப்படாது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை விற்பனையாளரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அந்த "மூன்று வருடம்" அவர் வாயில் வந்திருக்காது.

சோலார் ஹீட்டர் நல்ல பொருள். என் வீட்டு மாடியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது டேங்கில் எவ்வளவு வெந்நீர் வைத்திருக்கிறது என்பதில் உங்களுக்குப் பணம் மிச்சமாகாது. நீங்கள் எவ்வளவு எடுத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் மிச்சம். விற்பனையாளர் டேங்கைக் கணக்கிட்டார், நாம் உங்கள் குளியலைக் கணக்கிடுவோம்.

இதற்கு ஒரு சின்ன சூத்திரம் போதும். லிட்டரையும், தண்ணீர் எத்தனை டிகிரி சூடேற வேண்டும் என்பதையும் பெருக்கி 860 ஆல் வகுத்தால் மின்சார யூனிட் கிடைக்கும். குழாயில் வரும் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். 200 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 200 × 35 ÷ 860, அதாவது 8 யூனிட்டுக்குச் சற்று மேல். 365 நாளுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 2,970 யூனிட். மூன்று வருடக் கதை பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கிறது.

இப்போது உங்கள் வீடு. ஆளுக்கு 40 லிட்டர், நான்கு பேருக்கு 160 லிட்டர், 40 டிகிரி சூடு. 160 × 15 ÷ 860 = 2.8 யூனிட். இரண்டு மாதம் வெந்நீர் வேண்டாம் என்கிறீர்கள், ஆகவே 300 நாள். மொத்தம் 840 யூனிட். கீசர் சும்மா நின்று இழக்கும் சூட்டைக் கொஞ்சம் கூட்டி, மேகம் மூடிய நாட்களில் சோலார் டேங்கில் உள்ள மின்சாரக் காயில் இழுப்பதைக் கழித்தால், வருடத்துக்கு 750 யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்று நான் எழுத மாட்டேன். அவர் சொன்னதில் கால் பங்கு. மூன்று வருடம் பன்னிரண்டாகிறது.

பராமரிப்பை இன்னும் சேர்க்கவே இல்லை. ஹீட்டரின் விலையை 100 பங்கு என்று வையுங்கள். மூன்று வருடத்தில் திரும்பும் என்றால் வருடத்துக்கு 33 பங்கு மிச்சமாக வேண்டும். 2,970 யூனிட்டுக்கு அந்த 33 என்றால், உங்கள் 750 யூனிட்டுக்கு வருவது 8.4 பங்கு. சுத்தம் செய்வது, ரப்பர் வளையம், வால்வு, எப்போதாவது உடையும் குழாய் என்று வருடத்துக்குச் சராசரியாக 2 பங்கு ஒதுக்கினால் கையில் நிற்பது 6.4. போட்ட முதல் திரும்ப 15 வருடத்துக்கு மேல். மகள் கிளம்பி மூன்று பேரானால் மிச்சம் சுமார் 560 யூனிட், அதாவது 6.3 பங்கு. பராமரிப்பு போக 4.3. அப்போது 23 வருடம் ஆகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த ஹீட்டர்கள் 15 முதல் 20 வருடம் ஓடும். ஆக, முதல் திரும்பும் முன்பே பொருள் போய்விடும். மின்கட்டணம் ஏறினால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகும், அதே பணம் வைப்பு நிதியில் இருந்தால் வரும் வட்டி பாதகமாகும். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடு செய்யும் என்று வைத்து இரண்டையும் விட்டுவிட்டேன்.

சரி, அப்படியானால் சோலாரே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். உங்களுக்கு எதற்கு 200 லிட்டர் என்பதுதான் என் கேள்வி. 60 டிகிரி வெந்நீர் 69 லிட்டர் இருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் 160 லிட்டர் கிடைத்துவிடும். ராத்திரி முழுக்க டேங்க் கொஞ்சம் சூட்டை விடும். காலையில் குளிப்பவர்களுக்கு அது ஒரு நஷ்டம்தான், அதையும் சேர்த்தாலும் 100 லிட்டர் டேங்க் போதும். அதன் விலை 60 பங்கு, பராமரிப்பு 1.5 பங்கு என்று வைத்தால், நான்கு பேருக்கு ஒன்பது வருடத்துக்குள் முதல் திரும்புகிறது. மூன்று பேருக்கு பன்னிரண்டரை வருடம். பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் பொருளின் ஆயுளுக்குள் வருகிறது.

இதைப் படிக்கும் குளிர்ப் பிரதேச வாசகர்கள் என் எண்களைத் தூக்கிப் போட்டுவிடலாம். உங்கள் குழாயில் 10 டிகிரித் தண்ணீர் வந்து, வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும் என்றால், அதே 160 லிட்டருக்கு நாளுக்கு 5.6 யூனிட், வருடத்துக்கு 2,000 யூனிட்டைத் தாண்டும். கணக்கு தலைகீழாகிவிடும். ஆனால் உறைபனி விழும் இடத்தில் சூடு வாங்கும் பகுதியில் உறையாத திரவம் ஓடும் வகை வேண்டும். விலையும் கூடும், அந்தத் திரவத்தைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவும் வரும்.

என் 40 லிட்டரையும் நம்பாதீர்கள், நீங்களே அளந்து பாருங்கள். கீசரில் சிவப்பு விளக்கு எரியும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். 2 கிலோவாட் கீசரில் அந்த விளக்கு ஒன்றரை மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். விளக்கு அணைந்திருக்கும் நேரத்தைச் சேர்க்கக் கூடாது, அப்போது அது கரண்ட் இழுப்பதில்லை. உங்கள் ஊரில் பயன்பாடு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் முறை என்றால், மிச்சமாகும் யூனிட்டைக் கடைசிப் படியின் விலையில் போடுங்கள், சராசரி விலையில் அல்ல. அது சோலாருக்குச் சாதகமான விஷயம், அதை நான் மறைக்கக் கூடாது.

இனி விலைப்பட்டியல். அதில் எழுதாத செலவுதான் எப்போதும் கடிக்கும். பச்சைத் தண்ணீர் டேங்க் சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குத் தனி ஸ்டாண்ட் தேவைப்படும், அந்தச் செலவு பட்டியலில் இருக்கிறதா? 200 லிட்டர் தண்ணீர் மட்டுமே 200 கிலோ, டேங்கும் சட்டமும் வேறு. கூரை அதைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது யார் பொறுப்பு? காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத இடம் இருக்கிறதா? பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் தெற்குப் பார்த்தும், தெற்கே இருப்பவர்கள் வடக்குப் பார்த்தும் வைக்க வேண்டும். சாய்வு ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை அளவு. வெயில் நாளில் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் தோல் சில விநாடியில் வெந்துவிடும். பச்சைத் தண்ணீர் கலந்து விடும் வால்வு கட்டாயம் வேண்டும், அதுவும் பட்டியலில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கோட்டை விடும் இடம் குழாய் நீளம். மாடியிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர், உள் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அந்தக் குழாய்க்குள்ளேயே 4.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது ஆறிப்போன அந்த 4.7 லிட்டர்தான். வாஷ் பேசினில் கை கழுவத் திறந்தவர் வெந்நீர் வருமுன் மூடிவிடுவார். டேங்கிலிருந்து இறங்கிய வெந்நீர் வழியிலேயே ஆறிக் கிடக்கும். நாளுக்கு எட்டு முறை இப்படி நடந்தால் 37 லிட்டருக்கு மேல் போகிறது. உள் விட்டம் 15 மில்லிமீட்டர் குழாயில் இது 2.7 லிட்டராகக் குறையும். சூடு விடாத உறையும் போட்டால் இன்னும் நல்லது. பிளம்பர் "பெரிய குழாய் போட்டா பிரஷர் நல்லா இருக்கும்" என்பார். கொஞ்சம் யோசித்துத் தலையாட்டுங்கள்.

பராமரிப்பில் என் சொந்த அனுபவம் ஒன்று. உள்ளே எனாமல் பூசிய இரும்பு டேங்குகளில் மெக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும். டேங்க் துருப்பிடிப்பதற்குப் பதில் அந்தக் கம்பி தன்னைக் கரைத்துக்கொள்ளும், அதன் வேலையே அதுதான். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, நானும் கையேட்டைப் புரட்டவில்லை. ஏழாவது வருடம் டேங்க் ஒழுகியது. கம்பியைக் கழற்றினால், விரல் தடிமன் இருக்க வேண்டிய இடத்தில் நூல் போல ஒரு இரும்பு இழையும் அதில் ஒட்டிய வெள்ளைத் தூளும்தான் இருந்தன. அற்பச் செலவை மிச்சம் பிடித்து ஒரு டேங்கையே இழந்தேன். நிதி ஆலோசகன் வீட்டிலேயே இந்த லட்சணம்.

உப்புத் தண்ணீர் என்றால் கண்ணாடிக் குழாய்களின் அடியில் உப்பு படியும், வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குப் பதில் தட்டைப் பலகை வைத்த சோலார் வகையில் உள்ளே ஓடும் செம்புக் குழாய்கள் மெல்லியவை, அடைத்துக்கொண்டால் சரிசெய்வது கஷ்டம். உங்கள் வகையில் ஒரு குழாய் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம், ஆனால் மாற்றும் வரை டேங்கில் தண்ணீர் நிற்காது. குழாயின் நுனியில் வெள்ளி நிறப் பூச்சு தெரியும். அது பால் போல வெளுத்துவிட்டால் உள்ளே சூட்டைக் காக்கும் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்று: தண்ணீர் தீர்ந்து வெறும் குழாய் வெயிலில் காய்ந்திருக்கும்போது மதியத்தில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். விடியற்காலையில் நிரப்புங்கள். உத்தரவாத அட்டையில் டேங்க், கண்ணாடிக் குழாய், மின்சாரக் காயில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருடம், உப்பால் வரும் பழுது சேர்த்தியா என்று தனித்தனியாகப் படியுங்கள்.

பணத்துக்கு வருவோம். அவசரப் பணத்தைத் தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கீசரை மாற்றுவது எந்தக் கணக்கிலும் அவசரம் ஆகாது. வட்டியில்லாத் தவணை என்றால், "முழுத் தொகையையும் இன்றே கொடுத்தால் என்ன விலை?" என்று மட்டும் கேளுங்கள். விலை இறங்கினால் அந்த வித்தியாசம்தான் வட்டி. கூடவே பரிசீலனைக் கட்டணம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கவே இல்லை, கட்டணமும் இல்லை என்றால் தவணை பரவாயில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் கீசரின் தெர்மோஸ்டாட்டை, அதாவது எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று வைக்கும் திருகை, குறைந்த டிகிரிக்குத் திருப்பி, ஒரு டைமர் மாட்டி, ஷவர் தலையைத் தண்ணீர் குறைவாக விடும் வகைக்கு மாற்றி, மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வருவேன். கீசர் என்றைக்குப் படுக்கிறதோ, அன்று எப்படியும் ஒரு புதுக் கீசர் வாங்கியாக வேண்டும். அந்த விலையை 100 லிட்டர் சோலாரின் விலையிலிருந்து கழித்து, மீதியைத்தான் முதலீடாக எழுதுவேன். அப்போது ஒன்பது வருடம் இன்னும் குறையும். சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பப் பம்பு வகை ஹீட்டரின் விலையையும் அன்று கேட்டு வையுங்கள். கீசர் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவு கரண்டில் அது வேலையை முடித்துவிடும், துடைக்க மாடி ஏறவும் வேண்டாம். 56 வயதில் ஏணி பெரிய விஷயமில்லை. 70 வயதில் அந்தக் குழாய்களை யார் துடைப்பது, அவருக்குக் கூலி எவ்வளவு என்பதையும் என் 1.5 பங்குக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.