கேள்வி பதில்: 1991-ல என்னதான் நடந்துச்சு?

கேள்வி: நான் பொறந்தது 1991. அம்மாகிட்ட அந்த வருஷத்த பத்தி கேட்டா ராஜீவ் காந்தி செத்தத மட்டும்தான் சொல்றாங்க. வேற ஒண்ணுமே நடக்கலையா சார்?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: உங்கம்மா சொல்றதுல தப்பே இல்லம்மா. தமிழ்நாட்டுல அந்த வருஷம்னாலே மே 21 ராத்திரிதான். பத்து மணிக்கு மேல ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிக்குது, பல ஊருல விடிஞ்சு ரேடியோ போட்டப்பதான் விஷயமே தெரியுது, பஸ் ஓடல, கடை தொறக்கல, ஆஸ்பத்திரிக்கு போகணும்னாகூட வண்டி இல்ல. எலக்‌ஷன் ஜூனுக்கு தள்ளிப்போச்சு, அதுல ஜெயிச்சுதான் ஜெயலலிதா முதல் தடவையா முதல்வர் ஆனாங்க. அன்னிக்கு அந்த எடத்துல பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரங்களும் கூட்டத்துக்கு வந்த ஜனங்களும்கூட செத்தாங்க, அவங்க பேர யாரும் எடுக்கறதே இல்லன்றது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான். அதே மாதிரி, சண்டைக்கு பயந்து கடல் தாண்டி வந்து முகாம்ல கெடந்த இலங்கைத் தமிழ் ஜனங்க, அவங்களுக்கும் இந்த கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா அதுக்கப்புறம் அவங்கள பாக்கற பார்வையே மாறிப்போச்சு.

ஆனா வருஷம் பொறந்ததே வேற ஒரு சண்டையோட. ஜனவரி 17-ல அமெரிக்கா கூட்டணி ஈராக் மேல குண்டு போட ஆரம்பிச்சுது, பிப்ரவரி 28-க்குள்ள முடிஞ்சும் போச்சு. நம்ம ஊருல எத்தனையோ வீட்டுக்கு அது தூரத்து சண்டை இல்ல. வளைகுடாவுல வேல பாக்கறவங்க அப்ப லெட்டரோட சேத்து டேப் ரெக்கார்டர் கேசட்ல பேசி அனுப்புவாங்க, இங்க மொத்த குடும்பமும் சுத்தி உக்காந்து கேக்கும், நடுவுல கொழந்த பேர சொல்லி கூப்பிட்டா கொழந்த கேசட்டுக்கே பதில் சொல்லும். முந்தின வருஷம் குவைத்த ஈராக் புடிச்சப்ப சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள் போட்ட துணியோட திரும்பி வந்தாங்க, அந்த வீடுகள்ல கேசட்டும் நின்னுச்சு, மாசாமாசம் வர்ற பணமும் நின்னுச்சு.

கேள்வி: அந்த வருஷம் நாட்டோட தங்கத்தையே அடகு வச்சாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?
- வாசகர், கரூர்

பதில்: நெஜம்தாங்க. அதுக்கும் மேல சொன்ன சண்டைக்கும் நேரடி தொடர்பு இருக்கு. குவைத் பிரச்னையில கச்சா எண்ணெய் விலை ஏறுச்சு, அங்கேர்ந்து வர்ற பணம் கொறஞ்சுது, ஏற்கனவே கடன் கழுத்த நெரிச்சுக்கிட்டு இருந்துச்சு, டெல்லியில ஆட்சியும் நிக்கல. கையில இருந்த டாலர் சில வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும்னு ஆயிடுச்சு. மே மாசம் 20 டன் தங்கத்த சுவிட்சர்லாந்து வங்கிக்கு, திரும்ப வாங்கிக்கறோம்ன்ற ஒப்பந்தத்தோட குடுத்தாங்க. ஜூலையில ரிசர்வ் வங்கியே கிட்டத்தட்ட 47 டன்ன பம்பாய்லேர்ந்து பிளேன்ல ஏத்தி லண்டனுக்கு அனுப்புச்சு, அத வச்சு பேங்க் ஆஃப் இங்கிலாந்து, பேங்க் ஆஃப் ஜப்பான் ரெண்டுகிட்டேர்ந்தும் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்குனாங்க. அப்ப ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்த வெங்கிடரமணன் நாகர்கோவில்ல பொறந்தவர்.

தாலிய தவிர எல்லாத்தையும் சேட்டு கடையில வச்சு புள்ளைக்கு ஃபீஸ் கட்டுன அம்மாக்கள் நெறஞ்ச ஊரு நம்ம ஊரு, அதனால இந்த செய்தி வந்தப்ப ஜனங்களுக்கு அது வெக்கமாத்தான் இருந்துச்சு. எனக்கு அதுல வெக்கம் கெடையாது. வாங்குன கடனுக்கு நாடு தவணை தப்பல, இந்த அடமானக் கடனையும் அந்த வருஷத்துக்குள்ளயே அடைச்சாச்சு. 2024-ல இங்கிலாந்துலேர்ந்து சுமார் 100 டன் தங்கத்த திரும்ப கொண்டு வந்தாங்கன்னு படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: சோவியத் யூனியன் ஒடஞ்சதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கோத்தகிரிலேர்ந்து கேக்கறீங்க, பக்கத்துல வயசான தேயிலை விவசாயி யாராவது இருந்தா விசாரிச்சு பாருங்க. நம்ம தேயிலைய பெரிய அளவுல வாங்குனது அவங்கதான், அதுவும் ரூபாய் கணக்குலயே, அந்த வாங்குற கை போனதும் நீலகிரி சின்ன விவசாயிங்க ரொம்ப ஆடிப்போனாங்க.

எனக்கு மனசுல நிக்கறது புத்தகம். மாஸ்கோவுல தமிழ்லயே அச்சடிச்சு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலமா இங்க வரும், கெட்டி அட்டை, நல்ல தாள், கலர் படம், வெலையோ ரொம்ப கம்மி. 'சோவியத் நாடு' பத்திரிகையோட வழவழ தாள கிழிச்சு ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடாத புள்ள உண்டா? டிசம்பர் 25-ல சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகுனார், செங்கொடி எறங்குச்சு, புத்தக வரத்தும் நின்னே போச்சு. அந்த அரசியல் மேல ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும், ஏழை வீட்டு புள்ள கைக்கு அப்படி ஒரு புத்தகம் அந்த வெலையில அதுக்கப்புறம் வந்ததா எனக்கு தெரியல.

கேள்வி: 1991-ல நடந்த நல்ல விஷயம் ஒண்ணு சொல்லுங்க.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: நவம்பர் 10, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். நிறவெறியால 20 வருஷத்துக்கு மேல ஒதுக்கி வச்சிருந்த தென்னாப்பிரிக்கா திரும்ப ஆட வந்த மேட்ச். அவங்க பவுலர் டொனால்டு 5 விக்கெட் எடுத்தும் நாமதான் ஜெயிச்சோம், ஆனா அன்னிக்கு தோத்தவங்களுக்கும் சேத்து கை தட்டுச்சு அந்த கூட்டம்.

கேள்வி: காவிரி கலவரத்துல பெங்களூர்லேர்ந்து எங்க தாத்தா ஓடி வந்தாராம். அதுவும் இந்த வருஷமா?
- வாசகி, ஓசூர்

பதில்: ஆமாம்மா, டிசம்பர். நடுவர் மன்றம் ஜூன்ல 205 டி.எம்.சி. தண்ணி விடச்சொல்லி இடைக்கால உத்தரவு போட்டுச்சு, டிசம்பர்ல அது கெஜட்ல வந்த கையோட பெங்களூர்ல தமிழர் வீடு, கடைன்னு தேடி கொளுத்துனாங்க. கூலி வேலைக்கு போன ஏழைங்கதான் ரொம்ப அடிபட்டது. தாத்தா இருக்காருன்னா பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதி வச்சுக்கோங்க, இதெல்லாம் சரியா பதிவே ஆகல.

கேள்வி: பாட்டியோட 1991 வீட்டு கணக்கு நோட்டு பரண்ல கெடச்சுது. பழைய பேப்பர்ல போட்டுடலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: போட்றாதீங்க! ஜூலை 1, 3 ரெண்டு நாள்ல ரூபாய் மதிப்ப கொறச்சாங்க, டாலர் 21 ரூபாய்லேர்ந்து 26 கிட்ட போச்சு. ஜூலை 24 மன்மோகன் சிங் பட்ஜெட்ல கேஸ் சிலிண்டரும் பெட்ரோலும் 20 சதவீதம் ஏறுச்சு, ரேஷன் சர்க்கரை கிலோவுக்கு 85 பைசா ஏறுச்சு, ஏழை வீட்டு மண்ணெண்ணெய் மட்டும் 10 சதவீதம் எறங்குச்சு. பாட்டி நோட்டுல ஜூலை பக்கத்தையும் ஆகஸ்ட் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, சர்க்கரை அளவ கொறச்சிருக்காங்களா, இல்ல வேற எதையாவது நிறுத்திட்டு அத வாங்கியிருக்காங்களான்னு. முடிஞ்சா அந்த ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.