பிறப்புப் பதிவில் இரண்டு அம்மாக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் தன்பாலினப் பெற்றோரைப் பற்றி இரண்டு மூன்று வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள். போடவில்லை.

*

எனக்கு வயது 67. என் மகள் இன்னொரு பெண்பிள்ளையைச் சட்டப்படி கலியாணம் செய்து வாழ்கிறாள். கிளினிக் மூலமாக அந்தப் பிள்ளை இப்போது கர்ப்பமாக இருக்கிறது. என் மகள் பெறப்போவதில்லை. அப்படியென்றால் அந்தக் குழந்தைக்கு நான் யார்? பதிவில் என் மகளின் பெயர் வருமா? சொந்தக்காரருக்கு என்ன சொல்வது? எனக்குக் கதைக்க ஒருவரும் இல்லை.
— ஓர் அம்மா, ஸ்காபரோ

அக்கா, நீங்கள் அந்தக் குழந்தையின் அம்மம்மா. இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். மற்றப் பிள்ளையின் தாயும் அம்மம்மாதான். குழந்தைக்கு இரண்டு அம்மம்மா கிடைக்கிறார்கள்.

உங்கள் மகளின் பெயர் பதிவில் வரும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இப்படி மருத்துவ உதவியோடு கருத்தரித்துப் பிறக்கும் பிள்ளைக்கு, பெற்ற தாயோடு கருத்தரித்த நேரத்தில் துணையாக இருந்தவரும் பெற்றோர்தான். தத்தெடுக்கத் தேவையில்லை, நீதிமன்றம் போகத் தேவையில்லை. குழந்தை பிறந்து 30 நாளுக்குள் இருவரும் சேர்ந்து பிறப்பைப் பதிவு செய்தால் சரி. விந்து தானம் செய்தவர் தானம் செய்தார் என்பதற்காக மட்டும் தகப்பன் ஆகமாட்டார்.

இது சும்மா வந்த சட்டம் இல்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1995 வரை, பெறாத தாய் சட்டப்படி பெற்றோர் ஆக இங்கே வழி இல்லை. அந்த வருடம் நான்கு பெண் சோடிகள் நீதிமன்றம் போய், துணையின் பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். யோசித்துப் பாருங்கள், பிறந்த நாளிலிருந்து தான் தூக்கி வளர்த்த பிள்ளையைத் தானே தத்தெடுக்க வழக்கறிஞருக்குக் காசு கட்ட வேண்டும்! 2006இல் இன்னொரு வழக்கு. பிறப்புப் பதிவில் இரண்டு தாய்மாரின் பெயரையும் போட முடியாது என்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் அரசு சட்டத்தைச் சரியாகத் திருத்தப் பத்து வருடம் எடுத்தது. 2016 நவம்பரில் மாகாண சட்டசபை ஓர் எதிர்வாக்கும் இல்லாமல் அதை நிறைவேற்றியது. வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் உங்கள் மகளைப் போன்ற தாய்மார்தான். பிரசவ அறையில் பெற்றவளுக்கு ஏதும் ஆகிவிட்டால் குழந்தைக்காக யார் கையெழுத்துப் போடுவது என்ற பயம்தான் அவர்களை அங்கே கொண்டுபோனது.

ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள். பிள்ளையை நல்லூருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வரும். இலங்கையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. பயணத்துக்கு முன்பு குடும்ப வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, இருவரும் பெற்றோர் என்று நீதிமன்றத்தில் ஒரு பிரகடனம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் ஆஸ்பத்திரி, குடிவரவு என்று ஏதாவது வந்தால் பிறப்புச் சான்றிதழைவிட நீதிமன்றக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இனி, கதைக்க ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை இரவு தூங்கவிடவில்லை.

1972இல் நியூயோர்க்கில் ஜீன் மான்ஃபர்ட் என்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தன் மகனோடு ஊர்வலத்தில் பதாகை பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் இளம் பிள்ளைகள் ஓடி வந்து, 'எங்கள் வீட்டிலும் வந்து கதையுங்கள்' என்று கெஞ்சினார்களாம். அடுத்த வருடம் ஒரு தேவாலயத்தில் சுமார் இருபது பேரோடு தொடங்கிய பெற்றோர் கூட்டம்தான் இன்று பிஃப்ளாக் என்ற அமைப்பாக இருக்கிறது. ரொறன்ரோவிலும் இருக்கிறது. உங்களைப் போன்ற அம்மா, அப்பா, அம்மம்மாமார் வட்டமாக இருந்து கதைப்பார்கள். பேச விருப்பம் இல்லை என்றால் சும்மா இருந்து கேட்கலாம். ஆங்கிலம் கஷ்டம் என்றால், தெற்காசியர்களுக்காக 1989இல் தொடங்கிய எயிட்ஸ் தடுப்புக் கூட்டணியை அழையுங்கள். அதன் கீழ் தன்பாலினத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே 'சிநேகிதன்' என்று ஒரு குழு உருவானது. எயிட்ஸ் என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தமிழில் கதைக்கக்கூடிய ஆள் யார், குடும்பங்களுக்கு இப்போது என்ன நடக்கிறது என்று அவர்களிடம் கேட்கலாம்.

சொந்தக்காரருக்கு என்ன சொல்வதா? 'எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகுது' என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். மற்றவர் கேட்கும்வரை காத்திருந்து தலை குனிந்து சொல்லும் செய்தி இல்லை இது. குழந்தை பெற்ற அந்தப் பிள்ளைக்குப் பத்தியக் கறி வைத்துக் கொடுங்கள். சரக்கு அரைத்துக் கறி வைக்கும் கை இந்த ஊரில் இப்போது குறைந்துவிட்டது. 31ஆம் நாள் துடக்குக் கழிவை உங்கள் வீட்டில் வையுங்கள், பல்லு வரும்போது கொழுக்கட்டை அவியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று வருடம் மகளோடு கதைக்காமல் இருந்த தாய், பல்லுக்கொழுக்கட்டைச் சட்டியோடு வந்து இறங்கினார். யாரும் எதையும் விளக்கவில்லை. பிள்ளையின் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள், படம் எடுத்தார்கள், சாப்பிட்டார்கள்.

*

நானும் என் கணவரும் ஒரு பிள்ளை வளர்க்க விரும்புகிறோம். இரண்டு ஆண்களுக்கு இங்கே என்ன வழி? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.
— மார்க்கம் வாசகர்

தம்பி, ரொறன்ரோவில் இதற்கு வகுப்பே நடத்தினார்கள். 1997இல் ஒரு மருத்துவிச்சியும் ரேச்சல் எப்ஸ்டீன் என்பவரும் சேர்ந்து, தாயாக விரும்பும் தன்பாலினப் பெண்களுக்காக ஒரு தொடர் வகுப்பைத் தொடங்கினார்கள். பிறகு உங்களைப் போன்ற ஆண்களுக்கும் ஒன்று வந்தது. 2001இல் உருவான எல்ஜிபிடி பெற்றோர் வலையமைப்பு இந்த வேலையை எடுத்து நடத்தி, பிறகு ஷெர்போர்ன் சுகாதார நிலையத்துக்கு இடம் மாறியது. வாரம் ஒரு தலைப்பு: சட்டம், பணம், வாடகைத்தாய், தத்து, வீட்டார். வந்தவர்களில் பலர் வகுப்பு முடிந்தும் பிரியவில்லை. பிள்ளைகள் ஒன்றாகவே வளர்ந்தார்கள். வகுப்பின் உண்மையான பலன் அதுதான் என்று நினைக்கிறேன். சேர்ச் வீதியில் 1975 முதல் இயங்கும் '519' சமூக நிலையத்தை அழைத்து, இந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நிகழ்ச்சிகளின் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும்.

வழிகள் இரண்டு. சிறுவர் உதவிச் சங்கம் மூலமாகத் தத்தெடுக்கக் கட்டணம் இல்லை. பயிற்சி வகுப்பு இருக்கிறது, வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார்கள், பொறுமை வேண்டும். கைக்குழந்தை மட்டும்தான் வேண்டும் என்று இருந்தால் நெடுநாள் காத்திருக்க நேரும். ஆறு வயதுப் பிள்ளை, அண்ணன் தங்கை என்று இருவர், இவர்களுக்கும் வீடு வேண்டும். இதையும் இருவரும் மனம் விட்டுக் கதையுங்கள்.

வாடகைத்தாய் வழி என்றால் முதலில் சட்டம். 2004ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி கனடாவில் வாடகைத்தாய்க்குக் கூலி கொடுப்பது குற்றம். அவருடைய உண்மையான செலவுகளை மட்டும் ஈடுசெய்யலாம். ஒன்ராறியோவில் கருத்தரிப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், இரு தரப்புக்கும் தனித்தனி வழக்கறிஞர் வேண்டும். குழந்தை பிறந்து ஏழு நாள் ஆன பிறகுதான் பெற்றவரால் எழுத்துமூலச் சம்மதம் கொடுக்க முடியும். அதுவரை குழந்தை விடயத்தில் அவருக்கும் உரிமை உண்டு. இதைத் தடையாகப் பார்க்காதீர்கள், அவருக்கான மரியாதை அது. மாகாணம் 2015 டிசம்பரில் தொடங்கிய கருத்தரிப்புத் திட்டத்தில், தகுதி உள்ளவருக்கு ஒரு முறை ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செலவை ஏற்கிறார்கள். மருந்துச் செலவு உங்களுடையது. காத்திருப்போர் பட்டியலும் நீளம்.

இன்னொன்று. வேலைக் காப்புறுதியில் பெற்றோர் விடுப்பு இரண்டு அப்பாமாருக்கும் உண்டு. ஒருவர் மட்டும் எடுத்தால் 35 வாரம், பகிர்ந்து எடுத்தால் மொத்தம் 40 வாரம். பகிர்ந்தே எடுங்கள்.

*

பிள்ளையின் எதிர்காலம்தான் என் கவலை. அப்பா இல்லாமல் வளர்ந்தால் மனம் பாதிக்காதா?
— ஒரு தாத்தா, மிசிசாகா

உங்கள் கவலையில் அன்பு இருக்கிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். 1986இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் நானெட் கார்ட்ரெல் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. தன்பாலினத் தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளைக் கருவில் இருந்த காலத்திலிருந்தே தொடர்ந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் 25 வயதை எட்டியபோது, மனநலத்தில் மற்ற இளைஞர்களோடு ஒப்பிட்டு ஒரு வித்தியாசமும் காணவில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2002லேயே இப்படிப்பட்ட பெற்றோருக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. பிள்ளையை நோகடிப்பது வெளியில் இருந்து வரும் ஏளனம். அதைத் தடுக்கத் தாத்தாவால் நிறையச் செய்ய முடியும்.

*

நாங்கள் இருவரும் பெண்கள், சென்னையில் எட்டு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். கனடாக் கதைகளை வாசித்தால் ஏக்கமாக இருக்கிறது. எங்களால் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?
— வேளச்சேரி வாசகி

சேர்ந்து முடியாது, தங்கச்சி. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. தத்தெடுப்பு விதியை ஐந்து நீதிபதிகளில் இருவர் மாற்றச் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். சோடியாக எடுக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை வேண்டும் என்ற விதி அப்படியே நிற்கிறது. ஆனால் தனிப் பெண்ணாக உங்களில் ஒருவர் விண்ணப்பிக்கலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பெண் கருத்தரிப்பு சிகிச்சையும் பெறலாம். வாடகைத்தாய் வழி உங்களுக்கு இல்லை.

அப்படி ஒருவர் பெயரில் குழந்தை வந்தால் மற்றவர் சட்டத்தின் கண்ணில் அந்நியர். எனக்குக் கோபம் வரும் இடம் இது. இரவு முழுக்கக் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்தவரை ஆஸ்பத்திரியில் 'நீங்க யார்?' என்று கேட்பார்கள். அதனால் காகிதங்களை இப்போதே தயார் செய்யுங்கள். தாயானவர் உயிலில் மற்றவரைப் பாதுகாவலராக எழுத வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடை இல்லை, துணையை நியமனதாரராகவும் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் இந்திய நிதி அமைச்சு தெளிவுபடுத்திவிட்டது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதும்படியும் மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் உங்கள் பக்கம் இரண்டு நல்ல அடி வைத்திருக்கிறது. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழும் வயது வந்தவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டார். 2025 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு, திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று சொன்னது. கேரளத்தில் ஒரு திருநர் இணையர் வழக்குப் போட்டு, 2025 ஜூனில், தாய் தகப்பன் என்று பிரிக்காமல் 'பெற்றோர்' என்றே குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் எழுதும் உத்தரவைப் பெற்றார்கள். உங்கள் ஊரில் 2003 முதல் இயங்கும் ஓரினம் குழுவோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரையும், உங்களைப் போல யோசிக்கும் மற்ற சோடிகளையும் தேட நல்ல இடம் அது.

*

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒரு மாணவனுக்கு இரண்டு அப்பா. அன்னையர் தின வாழ்த்து அட்டை, குடும்ப மரம் எல்லாம் வரும்போது என்ன செய்வது?
— ஒரு தமிழ் ஆசிரியர்

கேட்டதற்கே நன்றி, ரீச்சர். அட்டை செய்யும் வாரத்துக்கு முன்பு அப்பாமாரிடம் கேளுங்கள். பிள்ளை அப்பம்மாவுக்கு ஒன்று செய்யலாம், மாமிக்குச் செய்யலாம். குடும்ப மரத்தில் கிளைகளை நீங்கள் கீறிக் கொடுக்காமல் வெறும் தாளைக் கொடுத்துவிடுங்கள். இது அம்மம்மாவோடு வளரும் பிள்ளைக்கும், போரில் தகப்பனை இழந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் உதவும். மற்றப் பிள்ளைகள் கேட்டால் 'இவனுக்கு இரண்டு அப்பா, உனக்கு அம்மாவும் அப்பாவும்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள், அவர்களுக்கு அது போதும்.

அவன் கொஞ்சம் வளர்ந்ததும், எட்டு வயதில் இருந்து, ஒட்டாவாவைச் சேர்ந்த ரென் ஓக்ஸ் அமைப்பு கோடையில் நடத்தும் முகாமைப் பற்றி வீட்டாருக்குச் சொல்லுங்கள். 2004இல் தொடங்கிய அமைப்பு. இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் சேர்ந்து இருந்து நீந்தி, பாடி, விளையாடுவார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர், தாய் பெயர் என்று இருக்கும் கட்டங்களைப் 'பெற்றோர்' என்று மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கான கடிதத்தில் இரண்டு அப்பாமாரின் பெயரையும் போட்டு அனுப்புங்கள்.