தொப்பியில் ஏறிய ஓடின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசப் படம் போட்ட தொப்பி வாங்கினேன். வைக்கிங்குகளுக்குக் கொம்பே கிடையாது என்று நண்பன் கிண்டல் செய்கிறான். உண்மையா?

நண்பர் சொல்வதுதான் சரி. வைக்கிங்குகள் என்பவர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவிலிருந்து கடலில் கிளம்பிய வீரர்கள். நார்வேயில் யெர்முன்பு என்ற இடத்தில் 1943இல் துண்டு துண்டாகக் கிடைத்து, ஒட்டிச் சேர்த்த வைக்கிங் தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. உருண்டையான இரும்புக் குல்லா, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடிச் சட்டம் மாதிரி ஒரு காப்பு, அவ்வளவுதான். கொம்பு வந்தது நாடக மேடையிலிருந்து. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் இசையமைப்பாளர் வாக்னரின் ‘ரிங்’ இசை நாடகம் முழுதாக அரங்கேறியபோது உடைகளை வடிவமைத்த கார்ல் எமில் டெப்ளர் கொம்பு வைத்துவிட்டார், ஊர் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. டென்மார்க்கில் கொம்புள்ள வெண்கலத் தலைக்கவசங்கள் கிடைத்தது நிஜம், ஆனால் அவை வைக்கிங்குகளுக்குச் சுமார் 1,700 ஆண்டுகள் மூத்தவை. அதற்காகத் தொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். கேட்டால் ஓபரா தொப்பி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: எட்டுக் கை விரித்த சக்கரம் போல ஒரு சின்னம், ‘வைக்கிங் திசைகாட்டி’ என்று விற்கிறார்கள். நம்பலாமா?

பெயர் வெக்விசிர், பொருள் ‘வழிகாட்டி’. இதை வைத்திருப்பவர் புயலிலும் வழி தவற மாட்டார் என்று ஓர் ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதி சொல்கிறது, ஆனால் அது எழுதப்பட்டது 1860இல். வைக்கிங் காலம் முடிந்து கிட்டத்தட்ட 800 ஆண்டுகள் கழித்து!

இன்னொன்று, எம்ப்ராய்டரியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெக்விசிரின் எட்டு முனைகளும் எட்டு விதமாக இருக்க வேண்டும். தொப்பியின் முன்பக்கத்தில் கிடைக்கிற கொஞ்ச இடத்தில் தடித்த நூலால் தைத்தால் முனைகள் அடைத்துக்கொண்டு எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். எட்டும் ஒரே மாதிரி திரிசூலமாக இருந்தால் அது வெக்விசிரே இல்லை, ஏகிஸ்யால்மூர் என்ற வேறு சின்னம், ‘அச்சுறுத்தும் தலைக்கவசம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடலில் ஃபாஃப்னிர் என்ற டிராகன் அப்படி ஒன்றை அணிந்திருந்ததாகச் சொல்லும். தலையில் போடுகிற பொருளுக்கு இதுதான் பொருத்தம் என்பேன்.

நிஜமாகவே பழைய சின்னம்தான் வேண்டுமென்றால் இடிக் கடவுளான தோரின் சம்மட்டியைத் தேடுங்கள். வைக்கிங்குகளே கழுத்தில் மாட்டிக்கொண்ட பதக்கம் அது. டென்மார்க்கின் லோலன் தீவில் 2014இல் கிடைத்த ஒரு பதக்கத்தில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் ‘இது சம்மட்டி’ என்றே பொறித்திருந்தது. சந்தேகம் வரக்கூடாதென்று நினைத்தார்கள் போல!

கேள்வி: ஓடினுக்கு எந்தத் தொப்பி சரி?

அகல விளிம்புத் தொப்பி. வைக்கிங்குகளின் தலைமைக் கடவுளான ஓடின் ஒற்றைக் கண்ணர், ஊர் ஊராக அலையும்போது தொப்பியை இறக்கிவிட்டு முகத்தை மறைத்துக்கொள்வார். அவருடைய பல பெயர்களில் ஒன்றான சித்ஹோத்தர் என்பதற்கே ‘தொங்கும் தொப்பிக்காரன்’ என்பது போலத்தான் பொருள். சிறகு முளைத்த கவசமெல்லாம் பிற்கால ஓவியர்கள் கைவண்ணம்.

கேள்வி: ரெட்ரோ என்ற பெயரில் இலை, பூ, நட்சத்திரம் போட்ட தொப்பிகளும் இதே வகையா?

இல்லை, அது வேறு குடும்பம். வரிசை வரிசையான இலையும் தாமரை இதழும் 1960களின் ஸ்வீடன், நார்வே சமையலறைப் பாத்திரங்களிலிருந்து வந்தவை. எட்டிதழ் நட்சத்திரம் நார்வேயின் செல்பு ஊர்க் கையுறைகளில் புகழ் பெற்றது. 1857இல் மாரிட் எம்ஸ்தாத் என்ற இளம்பெண் இரண்டு வண்ண நூலில் அதைப் பின்னித் தொடங்கி வைத்தார் என்பார்கள். அப்புறம் குல்லாவுக்கும் ஏறியது. வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னியதாக இருந்தால் இரண்டாவது நிற நூல் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும், வெளியே இதழ்களின் சாய்ந்த ஓரம் படிக்கட்டு போல ஏறும். அச்சடித்ததில் உள்ளே ஒன்றும் தெரியாது.

கேள்வி: ரூன் எழுத்துத் தொப்பி போட்டால் சிக்கல் வருமா?

எல்லா எழுத்துக்கும் வராது. இரட்டை மின்னல் போல நாஜிகளின் எஸ்எஸ் படை எடுத்துக்கொண்ட எழுத்தை ஜெர்மனியில் வெளியே போட்டுத் திரிந்தால் சட்டப்படி குற்றம். ஒத்தலா என்ற எழுத்தையும் நாஜிகள் பயன்படுத்தினார்கள், இன்றும் அந்தக் கூட்டத்தார் கொடியில் வரைகிறார்கள். மூன்று முக்கோணம் பின்னிய வால்க்னூத்தையும் சிலர் அப்படித்தான் பார்க்கிறார்கள், பழைய சமயத்தை நம்பிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கென்றால் ஒத்தலா வேண்டாம், ஓடினின் இரண்டு காகங்கள் போதும்.