சுவடும் அணிக்கோவையும் ஒன்றாக இருக்கின்றன, அணிகள் மட்டும் வேறு: எங்கே தவறு?

கேள்வி: முதுகலை கணிதம் படிக்கிறேன். நேர்மாறுள்ள 2×2 அணிகளின் குலம் எல்லா 2×2 கலப்பெண் அணிகள் மீதும் செயல்படுகிறது: ஓர் அணியை இடப்பக்கம் குல உறுப்பாலும் வலப்பக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்குகிறோம். இதில் மதிப்பு மாறாத பல்லுறுப்புக் கோவைகளாக எனக்குக் கிடைத்தவை சுவடும் (மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல்) அணிக்கோவையும்தான். ஆனால் முதல் நிரை 0, 1; இரண்டாம் நிரை 0, 0 என்ற அணிக்கும் பூச்சிய அணிக்கும் இரண்டுமே 0. இந்த இரு அணிகளும் வடிவொத்தவை அல்ல, அதாவது குலத்தால் ஒன்றை மற்றதாக்க முடியாது. ஏதோ ஒரு கோவையைத் தவற விட்டுவிட்டேனா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: நீங்கள் எதையும் தவற விடவில்லை. மூன்றாவது கோவையைத் தேடி ஒரு வாரத்தைச் செலவழிக்க வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது.

அதை முதலில் முடித்துவிடலாம். மாறாக் கோவை ஒன்றை எடுத்து மூலைவிட்ட அணிகளில் மட்டும் மதிப்பிடுங்கள். அது இரண்டு ஐகென் மதிப்புகளில் அமைந்த பல்லுறுப்புக் கோவையாகிவிடும். அந்த இரண்டையும் இடம் மாற்றுவதும் குலத்தின் வேலைதான் என்பதால் கோவை சமச்சீரானது. ஆகவே ஐகென் மதிப்புகளின் கூடுதலையும் பெருக்கலையும் வைத்து, அதாவது சுவடையும் அணிக்கோவையையும் வைத்து, அதை எழுதிவிடலாம். மூலைவிட்டமாக்கத்தக்க அணிகள் வெளி முழுவதும் அடர்த்தியாகப் பரவியிருப்பதால் அங்கே உண்மையாகும் சமன்பாடு எல்லா அணிகளுக்கும் உண்மையாகும். பரிமாணக் கணக்கும் ஒத்துப்போகிறது. வெளியின் பரிமாணம் 4, பொதுவான ஆர்பிட்டின் (குலம் ஓர் அணியை நகர்த்திக் கொண்டுபோகும் எல்லா அணிகளின் தொகுப்பு) பரிமாணம் 2, மிச்சம் 2.

சரி, அப்புறம் ஏன் இந்த இரண்டு அணிகளும் பிரியவில்லை? உங்கள் அணியை 'ஜ' என்று வைத்துக்கொள்வோம். மூலைவிட்டத்தில் த, 1 உள்ள குல உறுப்பை அதன் மீது செயல்படுத்துங்கள். முதல் நிரை 0, த. இரண்டாம் நிரை 0, 0 என்று வரும். த பூச்சியமல்லாத வரை இது ஜ-வின் ஆர்பிட்டிலேயே இருக்கிறது. த = 0 என்று வைத்தால் பூச்சிய அணி. ஒரு மாறாக் கோவையை இந்த அணியில் மதிப்பிட்டால் த-வில் ஒரு பல்லுறுப்புக் கோவை கிடைக்கும். த பூச்சியமல்லாத எல்லா இடத்திலும் அதற்கு ஒரே மதிப்பு. அப்படியானால் த = 0 என்ற இடத்திலும் அதே மதிப்புதான், வேறு வழியில்லை. பூச்சிய அணி ஜ-வின் ஆர்பிட்டில் இல்லை, ஆனால் அந்த ஆர்பிட்டின் அடைப்பில் (ஆர்பிட்டோடு அதன் எல்லைப் புள்ளிகளையும் சேர்த்த கணம்) இருக்கிறது. ஒரு புள்ளியையும் அதன் ஆர்பிட்டின் அடைப்பில் இருக்கும் புள்ளியையும் எந்த மாறாக் கோவையாலும் பிரிக்க முடியாது.

இதைப் படமாகவே பார்க்கலாம். சுவடு 0 என்றால் அணியின் வடிவம் இது: முதல் நிரை அ, ஆ, இரண்டாம் நிரை இ, −அ. அணிக்கோவையும் 0 என்றால் அ² + ஆஇ = 0. மெய்யெண்களில் வரைந்தால் இரட்டைக் கூம்பு. உச்சியில் இருப்பது பூச்சிய அணி. கலப்பெண்கள் மீது, உச்சியை நீக்கிய மிச்சம் முழுவதும் ஜ-வின் ஆர்பிட். நீங்கள் தடுக்கி விழுந்த இடம் இந்த உச்சிதான். மாறிலி உறுப்பு இல்லாத எல்லா மாறாக் கோவைகளும் இப்படி ஒன்றுபோலப் பூச்சியமாகும் இடங்களை ஹில்பர்ட் 1893லேயே ஆராய்ந்துவிட்டார்.

மற்ற மதிப்புகளுக்கும் இதே கதை. சுவடின் வர்க்கத்திலிருந்து அணிக்கோவையின் 4 மடங்கைக் கழித்துப் பூச்சியமல்லாத எண் வந்தால், அந்தச் சுவடும் அணிக்கோவையும் உள்ள எல்லா அணிகளும் ஒரே ஆர்பிட். பூச்சியம் வந்தால் இரண்டு ஆர்பிட்டுகள், அவற்றில் ஒன்றுதான் மூடியது, அதாவது தன் எல்லைப் புள்ளிகளையெல்லாம் தன்னிடமே கொண்டது. எத்தனை வரிசை அணியானாலும் மூலைவிட்டமாக்கத்தக்க அணிகளின் ஆர்பிட்டுகள் மட்டுமே மூடியவை.

ஆக, சரிபார்க்கும் வழி இது. இரண்டு புள்ளிகள் பிரியவில்லை என்றால் புதிய கோவையைத் தேடாதீர்கள், அவற்றின் ஆர்பிட்டுகளின் அடைப்புகள் வெட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். வெட்டினால் எந்தக் கோவையும் உதவாது. வெட்டாவிட்டால்தான் உங்கள் பட்டியலில் குறை. அடைப்பைத் தேடவும் பெரிய பாடு பட வேண்டியதில்லை. ஆர்பிட்டின் அடைப்பில் இருக்கும் மூடிய ஆர்பிட்டை, மேலே த-வை வைத்துச் செய்தது போன்ற ஓர் ஒற்றை அளவுருக் குலத்தின் எல்லையாகவே எட்டிவிடலாம். ஹில்பர்ட்–மம்ஃபர்ட் அளவுகோல் என்று சொல்வது இந்தக் கருத்தைத்தான். மம்ஃபர்ட் 1965இல் இதைப் பொதுவாக்கினார். கையால் கணக்குப் போடும்போது த-வின் அடுக்குகளை மட்டும் எழுதிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இதெல்லாம் குலம் ரிடக்டிவாக (அதன் ஒவ்வொரு நேரியல் செயல்பாடும் மேலும் பிரிக்க முடியாத துண்டுகளாக முழுமையாகப் பிரியும் வகை) இருந்தால்தான். உங்கள் குலம் அப்படிப்பட்டது. முடிவுறு குலங்களும் டோரஸ்களும் (நேர்மாறுள்ள மூலைவிட்ட அணிகளின் குலங்கள்) கூட அப்படித்தான். கூட்டல் குலம் (கூட்டலைச் செயலாகக் கொண்ட கலப்பெண்கள்) அப்படியல்ல. அது தளத்தின் மீது (ப, ம) என்ற புள்ளியை (ப, ம + சப) என்ற புள்ளிக்கு நகர்த்துவதாக வையுங்கள்; ச குலத்தின் உறுப்பு. மாறாக் கோவைகள் ப-வில் மட்டும் அமைந்தவை. ப = 0 என்ற கோட்டில் எந்தப் புள்ளியும் நகர்வதில்லை; ஒவ்வொன்றும் தனி ஆர்பிட், ஒவ்வொன்றும் மூடியது. ஆனாலும் எந்தக் கோவையும் அவற்றைப் பிரிக்காது! பொதுவாக ரிடக்டிவ் அல்லாத குலங்களில் நிலைமை இன்னும் மோசமாகலாம்: மாறாக் கோவைகளின் வளையத்துக்கு முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பிகளே (மற்றவற்றையெல்லாம் உருவாக்கித் தரும் கோவைகள்) இல்லாத எடுத்துக்காட்டை நகாட்டா 1959இல் கொடுத்தார். எனவே கணக்கைத் தொடங்கும் முன் குலம் எந்த வகை என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஜ-வையும் பூச்சிய அணியையும் பிரித்தே ஆக வேண்டும் என்றால் பல்லுறுப்புக் கோவையை விட்டுவிடுங்கள். அணித்தரம் ஒன்றே போதும். வடிவியல் முறையிலேயே வேண்டுமானால் அணியோடு ஒரு வெக்டரையும் சேர்த்து ஜோடியாக எடுங்கள். அந்த வெக்டரும், அணியால் பெருக்கிய பின் வரும் வெக்டரும் ஒன்றையொன்று சாராத ஜோடிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திறந்த பகுதியில் சுவடும் அணிக்கோவையும் சேர்ந்து ஒவ்வோர் ஆர்பிட்டையும் சரியாக அடையாளம் காட்டும். ஜ-வுக்குப் பொருத்தமான வெக்டர் கிடைக்கும், இரண்டாம் கூறு பூச்சியமல்லாத எதுவும் சரி. பூச்சிய அணிக்கு எதை எடுத்தாலும் பூச்சிய வெக்டர்தான் வரும் என்பதால் அது பட்டியலுக்குள்ளேயே வராது.