கேள்வி பதில்: மேகத்துளியை யார் போய் அளந்தது?

கேள்வி: மேகத்தில் உள்ள நீர்த்துளியின் அளவைச் செயற்கைக்கோள் அளந்து சொல்கிறது என்று என் மகன் சொல்கிறான். துளியோ தலைமுடியைவிடச் சின்னது, செயற்கைக்கோளோ 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கதை விடுகிறானா? (சிங்கப்பூர், பொங்கோல் வாசகர்)

கதை இல்லை. ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான், ஏனென்றால் செயற்கைக்கோள் அந்தத் துளியைப் பார்ப்பதே இல்லை. நம் பக்கத்து வானத்தை 10 நிமிடத்துக்கு ஒரு முறை படம் எடுக்கும் ஜப்பானின் ஹிமவாரி 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர். தோ பாயோ வட்டாரத்தில் பாதி அதில் அடங்கிவிடும். அப்புறம் எங்கே துளியைப் பார்ப்பது?

அது பார்ப்பது வெயிலை. மேகத்தில் பட்டுத் திரும்பி வருகிற வெயில் எவ்வளவு என்று இரண்டு நிறங்களில் அளக்கிறது. ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. இதைத் தண்ணீர் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, அதனால் மேகம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வெளிச்சம் திரும்பி வரும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, அலைநீளம் 1.6 அல்லது 2.1 மைக்ரான் பக்கம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதைத் தண்ணீர் கொஞ்சம் குடித்துவிடும். துளி பெரிதாக இருந்தால் ஒளி அதற்குள் அதிக தூரம் போய்வர வேண்டும், அதனால் அதிகமாக உறிஞ்சப்படும், மேகம் அந்த நிறத்தில் மங்கலாகத் தெரியும். முதல் நிறம் அடர்த்தியைச் சொல்கிறது, இரண்டாவது நிறம் துளியின் பருமனைச் சொல்கிறது, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். தெருயுகி நகாஜிமா, மைக்கேல் கிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1990-இல் இதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். 1999-இல் ஏவப்பட்ட டெரா, 2002-இல் ஏவப்பட்ட அக்வா என்ற செயற்கைக்கோள்கள் இரண்டிலும் இருக்கும் மோடிஸ் கருவி அந்த வழியில்தான் உலகம் முழுக்க மேகங்களை அளந்து வருகிறது.

விடை கிடைத்ததும் இன்னொரு வேடிக்கை. சூரிய வட்டத்தையே மறைக்கிற ஒரு மேகம், ஒளி அடர்த்தி (மேகம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண்) 10 என்று வையுங்கள், துளியின் ஆரம் 10 மைக்ரான். இரண்டையும் பெருக்கி அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 67. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் மொத்தத் தண்ணீர் 67 கிராம், அரை டம்ளர்கூட இல்லை! அப்படியே கீழே கொட்டினாலும் தரையில் 0.07 மில்லிமீட்டர்தான் நிற்கும். இதைப் பார்த்துப் பயந்துதான் நாம் குடையைத் தேடி ஓடுகிறோம்.

கேள்வி: இவ்வளவு அளக்கிறவர்கள் என் துணி நனையாமல் இருக்க ஒரு வழி சொல்லக் கூடாதா? பத்தாவது மாடியில் கம்பில் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் வந்தால் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. (ஈசூன் வாசகி)

அக்கா, நேராகவே சொல்லிவிடுகிறேன், துணிக்கு இது உதவாது. கைப்பேசியில் மழை ரேடாரைப் பாருங்கள், அதுவே போதும்.

துளி அளவுக்கும் மழைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மழைத்துளி ஒன்று உருவாக மேகத்துளிகள் பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும், மேகத்தின் உச்சியில் துளியின் ஆரம் 14 மைக்ரான் பக்கம் வந்தால் அந்தச் சேர்க்கை சூடுபிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மேலே இருந்து பார்க்கும் கருவிக்கு மேகத்தின் உச்சிதான் தெரியும், அடிவயிற்றில் நடப்பது தெரியாது. நம் ஊர் மேகமோ மத்தியானம் மளமளவென்று வளர்ந்து உச்சியில் பனித்துகளாகிவிடுகிறது, அதோடு நீர்மேகக் கணக்கு முடிந்தது. அதற்கு முன்பு சின்னச் சின்னப் பஞ்சாக இருக்கும்போதாவது சரியாக வருமா என்றால், ஒரு மேகத்தின் நிழல் இன்னொன்றின் மேல் விழுந்து கணக்கைக் குழப்பிவிடும், துளி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரிசை கட்டிக்கொண்டு வருமே காற்றுமழை, அப்போது வெயிலே கிடையாது, இரண்டு நிற வித்தைக்கு வழியில்லை. இரவில் 3.9, 11 மைக்ரான் அலைகளின் வித்தியாசத்தை வைத்துத் தாழ்வான நீர்மேகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம், அது வேறு வழி.

மேகத்தின் உள்ளே பார்க்க ரேடாரையே மேலே அனுப்ப வேண்டும். அனுப்பியும் இருக்கிறார்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோளில் இருக்கும் ரேடார், மேகத்துக்குள் துளிகள் மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்பதையும் வேகத்தோடு அளக்கிறது. ஆனால் அது ஓரிடத்தில் நிற்காமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பது, தான் பறக்கும் பாதைக்கு நேர் கீழே மட்டும் பார்ப்பது. உங்கள் சன்னலுக்கு நேரே எப்போது வருமோ!

கேள்வி: கப்பல் புகை மேகத்தை மாற்றுமாமே, உண்மையா? எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடல் முழுக்கக் கப்பல்தான். (பாசிர் பாஞ்சாங் வாசகர்)

மாற்றும். கற்கண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதையே இடித்துப் பொடியாக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிறது இல்லையா? மேகமும் அப்படித்தான். புகையில் உள்ள கந்தகத் துகள்களைச் சுற்றி அதே தண்ணீர் இன்னும் நிறைய, இன்னும் சிறிய துளிகளாகப் பிரியும், மேகம் கூடுதல் வெண்மையாகும். வட பசிபிக்கில் கப்பல் போன தடம் தாழ்வான மேகத்தில் வெள்ளைக் கோடாகவே செயற்கைக்கோள் படத்தில் தெரியும். இங்கே மேகம் குமுறி எழும் வகை, அப்படிக் கோடு விழுவது அரிது. ஆனால் வேறு விதமாகத் தெரிந்தது: சிங்கப்பூருக்கு வரும் கப்பல் பாதைகளுக்கு மேலே சுற்றுக் கடலைவிட அதிகமாக மின்னல் அடித்துக்கொண்டிருந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள், அதன்பின் அந்தப் பாதைகளில் மின்னல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.