ரஷ்ய மொழியில் தட்டச்சு: தனி கீபோர்டு வேண்டுமா?

கேள்வி: கோவளம் பக்கம் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் வரவேற்பாளராக இருக்கிறேன். ரஷ்ய விருந்தினர்கள் வருவதால் வகுப்புக்குப் போய் ஓரளவு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் (விண்டோஸ் 10) அடித்துப் பழக ஆசை. ரஷ்ய கீபோர்டும் ஃபாண்டும் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: இரண்டும் வேண்டாம். விண்டோஸோடு வரும் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஃபாண்டுகளிலேயே ரஷ்ய எழுத்துகள் உண்டு. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய், 'லாங்குவேஜ்' பகுதியில் ரஷ்யனைச் சேருங்கள். அப்போது 'டிஸ்பிளே லாங்குவேஜ்' கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் மெனு முழுக்க ரஷ்ய மொழிக்குப் போய்விடும், வீட்டில் உங்களைத்தான் திட்டுவார்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். உங்கள் ஊரில் தமிழ், மலையாளம் இரண்டுமே கம்ப்யூட்டரில் இருக்கும். அந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான்.

யோசிக்க வேண்டியது லேஅவுட்டைத்தான், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்பதை. தமிழ்99 என்ற தமிழ் லேஅவுட்டைப் பழகுவதா, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பதா என்று நாம் அடித்துக்கொள்கிறோமே, அதே வழக்கு இங்கேயும் உண்டு. விண்டோஸில் 'ரஷ்யன் - நெமானிக்' என்றொரு லேஅவுட் இருக்கிறது. ஒலியை வைத்து அடிக்கலாம், முதல் நாளே கை ஓடும். ஆனால் உங்களுக்கு இது வேலைக்கு வேண்டும். நாளை அலுவலகக் கம்ப்யூட்டரிலும் அடிக்க வேண்டிவரும். அதனால் ரஷ்யர்களே பயன்படுத்தும் சாதாரண 'ரஷ்யன்' லேஅவுட்டையே பழகுங்கள் என்பேன். மொத்தம் 33 எழுத்து. எஃப், ஜே விசைகளில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும் பாருங்கள், அங்கே ரஷ்ய மொழியின் 'அ'வும் 'ஒ'வும் இருக்கின்றன. அடிக்கடி வரும் எழுத்துகள் ஆள்காட்டி விரலுக்கடியிலேயே கிடைத்துவிடுகின்றன. முற்றுப்புள்ளிதான் கொஞ்ச நாள் படுத்தும்: அது வலது ஷிஃப்டுக்குப் பக்கத்து விசைக்குப் போய்விடும். அதையே ஷிஃப்டோடு அடித்தால் காற்புள்ளி.

எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கீபோர்டு வரும். பழகும்வரை அது போதும். ஸ்டிக்கர்கூட வேண்டாம், ஒட்டினால் கண் கீழேயே போகும்.

விருந்தினருக்கு மெயில் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரஷ்ய மொழியின் சில எழுத்துகள் ஆங்கில ஏ, ஓ, சி போலவே தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வேறு எழுத்துகள். முகவரியில் அப்படி ஒன்று விழுந்தால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், மெயில் போய்ச் சேராது. பாஸ்வேர்டும் இப்படித்தான், ஏற்க மறுத்தால் முதலில் மொழி எதில் நிற்கிறது என்று பாருங்கள்.